பழைய கார் ஷெட்டும் அதன் கடைக்காலும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் கட்டிய வீடுகளில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரு கார் ஷெட் இருக்கும். பெரும்பாலும் அம்பாசிடருக்கு அளவெடுத்துக் கட்டியது. அந்த வண்டி 14 அடி நீளம், ஐந்தரை அடி அகலம். இன்றைய இன்னோவா கிரிஸ்டா பதினைந்தரை அடி நீளம், 6 அடி அகலம். உள்ளே நுழைத்துவிடலாம், கதவைத் திறந்து இறங்கத்தான் இடம் இருக்காது. அதனால் ஷெட்டை இடித்துப் பெரிதாகக் கட்டித் தரச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். கூடவே, "மேலே ஒரு ரூமும் போட்டுடலாம் சார். கடைக்கால் அப்பா காலத்துக் கருங்கல், அப்படியே வச்சுக்கலாம்" என்பார்கள்.

அந்தக் கடைக்காலை, அதாவது அஸ்திவாரத்தை, மண்ணைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுவோம் என்பேன். இடிப்பதற்கு முன்பே, எதிரெதிரான இரண்டு மூலைகளில், சுவருக்கு வெளிப்பக்கமாக மூன்றடிக்கு மூன்றடி குழி தோண்டுங்கள். ஓர் ஆளின் ஒரு நாள் கூலிதான் செலவு. கல் எத்தனை அடி ஆழம் போகிறது, அடியில் ஜல்லி போட்டிருக்கிறார்களா, மரத்தின் வேர் புகுந்திருக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும். கல்லுக்கு இடையிலுள்ள சாந்தைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது மண் சாந்து, அல்லது உளுத்துப்போன சுண்ணாம்பு.

நான் திறந்து பார்த்த ஷெட்டுகளில் பலவும் இரண்டடி ஆழத்தோடு நின்றுவிட்டவை. கட்டியவர்களைக் குறை சொல்லவில்லை. நாலரை அங்குலச் சுவருக்கும் மேலே ஒரு ஷீட்டுக்கும் அது போதும். அதே அளவில், அதே லேசான கூரையோடு திரும்பக் கட்டுவதானால், கல் உறுதியாக இருக்கும்பட்சத்தில் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். மாடி அறையின் பாரத்தை மட்டும் அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு, பாதிச் சுவர் பழைய கடைக்காலிலும், அகலப்படுத்திய பாதி புதுக் கடைக்காலிலும் நிற்பது. பழையதன் அடியிலுள்ள மண் ஐம்பது வருடமாக அமுங்கி இறுகிவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். ஆரம்ப நாட்களில் நானே ஒரு வீட்டில் இதற்குச் சம்மதித்தேன். இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது, பழையதும் புதியதும் சேரும் இடத்தில் தரையிலிருந்து கூரைவரை விரிசல். அந்த வீட்டுக்காரர் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

கரிசல் பூமியில் இன்னும் கவனம் வேண்டும். அந்த மண் மழையில் ஊதும், சித்திரை வெயிலில் கை நுழையுமளவு பிளக்கும். இரண்டடிக் கடைக்கால் அந்த ஆட்டத்துக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆழமான கரிசலுக்கு அண்டர் ரீம்டு பைல், அதாவது மண்ணுக்குள் இறக்கும் அடி பருத்த கான்கிரீட் தூண், நல்லது. குறைந்தது மூன்றரை மீட்டராவது இறங்க வேண்டும்.

அப்படியானால் பழைய கல்லை எல்லாம் பெயர்த்தெடுக்க வேண்டுமா? வேண்டாம். கான்கிரீட் தூண் வரும் இடங்களில் மட்டும் எடுத்துவிட்டு, தூணுக்கு அடித்தளமாகப் புது ஃபுட்டிங் போடுங்கள். நடுவிலுள்ள கல் மண்ணுக்குள்ளேயே கிடக்கட்டும். ஆனால் தூண்களைக் கீழே இணைத்துச் சுவரைத் தாங்கும் பிளின்த் பீம் அதன்மேல் உட்காரக் கூடாது, மூன்று அங்குலம் இடைவெளி விடுங்கள். எடுத்த கருங்கல்லைக் குப்பை லாரியில் ஏற்றிவிடாதீர்கள். சாந்தைத் தட்டிவிட்டால் காம்பவுண்டுச் சுவருக்கு அப்படியே ஆகும்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால், சுத்தியலால் உடைக்க விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள். ஆட்களுக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நின்றால், அந்தப் பக்கம் ஒரே மூச்சில் கடைக்கால் பள்ளம் தோண்ட வேண்டாம். நாலு நாலு அடியாக விட்டுவிட்டுத் தோண்டி, கான்கிரீட் போட்டு இறுகிய பிறகு அடுத்த துண்டுக்குப் போகலாம். தொடங்குவதற்கு முன் அந்த வீட்டுக்காரரை அழைத்து, குழியையும் அவர் சுவரின் அடியையும் காட்டிவிடுங்கள்.

வணக்கம்.