மூன்று நட்சத்திர வீரரை எப்படி மதிப்பிடுவது?

[திரையில்: மலைகளுக்கு நடுவே ஓடும் ஆறு, அதன் கரையில் ஒரு சிற்றூர்.]

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ரிக்கின்ஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 400 பேர்தான் வாழ்கிறார்கள். அங்குள்ள பள்ளியில் பதினொரு பேர் கொண்ட அமெரிக்கக் கால்பந்து அணியைத் திரட்டுவது கடினம் என்பதால், அணிக்கு எட்டுப் பேர் களமிறங்கும் ஆட்டமே ஆடப்பட்டது. லெய்ட்டன் வாண்டர் எஷ் அந்தப் பள்ளியில் படித்தவர். உதவித்தொகை ஏதுமின்றி பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் சேர்ந்த அவரை, தொழில்முறைத் தொடரான என்எப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2018-ஆம் ஆண்டின் முதல் சுற்றில், 19-ஆவது இடத்தில், டல்லஸ் கௌபாய்ஸ் அணி தேர்ந்தெடுத்தது.

[திரையில்: ஐந்து, நான்கு, மூன்று நட்சத்திரங்கள்.]

பள்ளிப்படிப்பை முடிக்கும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்கு 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், இஎஸ்பிஎன் போன்ற நிறுவனங்கள் நட்சத்திரங்களால் தரம் இடுகின்றன. ஆண்டுதோறும் முப்பது பேரளவில்தான் ஐந்து நட்சத்திரம் பெறுகிறார்கள். நான்கு நட்சத்திரம் சில நூறு பேருக்கும், மூன்று நட்சத்திரம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கும் கிடைக்கிறது. இந்தத் தரத்தை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட முடியாது. என்எப்எல்லுக்குச் செல்லும் வாய்ப்பு, ஐந்து நட்சத்திரம் பெற்றவருக்கு மூன்று நட்சத்திரம் பெற்றவரைவிடப் பல மடங்கு அதிகம். தொழில்முறை அணிகளில் மூன்று நட்சத்திர வீரர்கள் நிறைந்திருப்பதற்கு முதற்காரணம், பள்ளிகளிலிருந்து வெளிவரும்போதே அவர்கள் அத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான்.

ஆகவே, நமக்குப் பிடித்த கல்லூரியின் சேர்க்கைப் பட்டியலைக் கையில் எடுத்ததும் அதில் மறைந்திருக்கும் மாணிக்கம் யார் என்று தேடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் குறைந்த தரம் ஏன் கிடைத்தது என்றே முதலில் கேட்க வேண்டும். வேகம் போதாமல் தரம் குறைந்த வீரரும், யாரும் போய்ப் பார்க்காததால் தரம் குறைந்த வீரரும் பட்டியலில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

வாண்டர் எஷ் இரண்டாம் வகை. எட்டுப் பேர் ஆட்டத்தின் பதிவைப் பார்க்கும் மதிப்பீட்டாளருக்கு, எதிரே நிற்பவரின் தரத்தை எதனோடு ஒப்பிடுவது என்றே விளங்காது. ஜோஷ் ஆலனின் நிலையும் இதற்கு நெருக்கமானதுதான். கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற விவசாய ஊரில் வளர்ந்த அவர், கோடைக்காலப் பயிற்சி முகாம்களைச் சுற்றி வராமல் பேஸ்பாலும் கூடைப்பந்தும் ஆடினார். பள்ளி முடித்தபோது முதல்நிலைப் பல்கலைக்கழகம் எதுவும் அவருக்கு உதவித்தொகை தரவில்லை. ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிய பிறகு அவரே பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி வாய்ப்புக் கேட்டார். கடைசியில் வயோமிங் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டது. 2018 டிராஃப்டில் அவர் 7-ஆவது வீரர். இப்படிப்பட்டவர்களை மதிப்பிடும்போது, கால்பந்துப் பதிவோடு நின்றுவிடாமல் அவர்களுடைய கூடைப்பந்து ஆட்டத்தையும், ஓட்டம், குண்டு எறிதல் ஆகியவற்றின் அளவுகளையும் தேடிப் பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எதிரணி எவ்வளவு பலவீனமாக இருந்தாலும், 100 மீட்டர் ஓட்டத்தின் நேரம் அதனால் மாறுவதில்லை.

[திரையில்: ஒரே வீரரின் பள்ளிக்கால உருவமும் கல்லூரிக்கால உருவமும்.]

உடல் இன்னும் முற்றாததாலும் தரம் குறையலாம். மெலிந்த உடலோடு சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த எரிக் ஃபிஷர், 300 பவுண்டைத் தாண்டிய ஆஃபென்சிவ் டேக்கிளாக, அதாவது தம் அணியின் தாக்குதலின்போது எதிரணியினரைத் தடுத்து நிறுத்தும் வீரராக வளர்ந்து, 2013 டிராஃப்டில் முதல் வீரராகத் தேர்வானார். அதே பல்கலைக்கழகத்தில் டைட் எண்டாக (எதிரணியினரைத் தடுப்பதோடு பந்தையும் பிடிக்கும் தாக்குதல் வீரராக) ஆடிய ஜே.ஜே. வாட், அங்கிருந்த உதவித்தொகையை விட்டுவிட்டு விஸ்கான்சினில் சாதாரண மாணவராகச் சேர்ந்து, தடுப்பாட்ட வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிபென்சிவ் எண்டாக மாறினார். 2011-இல் அவர் 11-ஆவது தேர்வு. நீண்ட கைகளும் அகன்ற தோள்களும் கொண்ட ஒரு பதினேழு வயதுப் பையனைப் பார்க்கும்போது, இன்று அவன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்பதைவிட, நாற்பது பவுண்டு கூடியபின் எங்கே ஆடுவான் என்பதே பயனுள்ள கேள்வி.

உடலளவைச் சரியாக எடுத்தும் அதற்குத் தரும் முக்கியத்துவம் தவறிப்போவதும் உண்டு. ஆறடிக்குச் சற்றே மேற்பட்ட ஆரோன் டொனால்டின் உயரம், தடுப்பாட்ட வரிசையின் நடுவில் நிற்கும் டிபென்சிவ் டேக்கிளுக்குக் குறைவு என்பது உண்மையே. ஆனால் முதல் அடியின் வேகமும் கைகளின் திறமும் அந்தக் குறையை ஈடுசெய்தன. சொந்த ஊரான பிட்ஸ்பர்க்கிலேயே கல்லூரி ஆட்டம் ஆடிய அந்த மூன்று நட்சத்திர வீரர், பின்னர் என்எப்எல்லின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்று முறை பெற்றார்.

மற்றக் கல்லூரிகளின் அழைப்புகளும் ஒரு சான்றுதான். எனினும், பெரிய அணி அழைத்ததும் தரம் உயர்வது வழக்கமாதலால், அவற்றைத் தனிச் சான்றாகக் கொள்ள இயலாது.

2017 முதல் பள்ளி வீரர்கள் டிசம்பரிலேயே கல்லூரிகளோடு ஒப்பந்தம் செய்ய முடிவதால், பள்ளியின் இறுதி ஆண்டு ஆட்டம் ஊன்றிப் பார்க்கப்படாமலே பெரும்பாலான முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. பட்டியல் வெளியான பின்னாவது அந்தக் கடைசிப் பருவத்தின் பதிவை முழுமையாகப் பாருங்கள். தாமதமாக வளர்ந்தவர்கள் அதில்தான் தென்படுவார்கள். அப்படிக் கண்டெடுத்து வளர்த்த வீரரைச் சிறிய கல்லூரி தக்கவைத்துக்கொள்வது இன்று கடினமாகிவிட்டது. ஓராண்டு காத்திருக்காமல் வேறு கல்லூரிக்கு மாறி ஆடலாம் என்று 2021-இல் விதி தளர்த்தப்பட்டதால், உழைப்புக்குப் பலன் கிடைக்கும் வேளையில் பெரிய அணி ஒன்று அவரை அழைத்துக்கொள்கிறது.