படத்தைத் திருப்பிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ரோம் என்றதும் கழுவித் துடைத்த தூண்கள்தானே கண்முன் வருகின்றன? 1780 வாக்கில் போனவர்கள் கண்டது வேறு. ஃபோரம் என்கிற பழைய நகர மையத்துக்கு அன்று 'காம்போ வச்சீனோ' என்று பெயர், மாட்டுவெளி. செவரஸ் என்ற பேரரசரின் வெற்றி வளைவு பாதி மண்ணுக்குள் கிடந்தது.

கேமரா இல்லாத காலம். வந்த சீமான்கள் ஊருக்குப் படம் வாங்கிப் போனார்கள். செப்புத் தகட்டில் கோடு கீறி, மை தேய்த்து, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுத்த படங்கள். பிரானேசி என்ற இத்தாலியக் கலைஞர் 135 தகடுகளில் ரோமைக் காட்டினார். எல்லாம் கறுப்பு மை. வோல்பாத்தோ, டுக்ரோ என்ற இரு கலைஞர்கள் கோடுகளை மட்டும் மெல்லிசாக அச்சிட்டு, அதன்மேல் கையால் வண்ணம் தீட்டி விற்றார்கள். கோலம் போட்டுப் பொடி நிரப்புவோமே, அது மாதிரி.

நான் ஏமாந்த கதையைச் சொல்லியாக வேண்டும். ஒரு கடையில் கொலோசியம் படம். ரோஜா நிற வானம், சுவரெங்கும் பச்சை. "அந்தக் காலத்து வண்ணம் சார்" என்றார் கடைக்காரர். வாங்கி மூன்று வருஷம் கூடத்தில் மாட்டியிருந்தேன். கண்ணாடி விரிசல் விட்டதால் சட்டத்தைக் கழற்றினேன். படத்தின் நடுவே ஒரு பழைய மடிப்பு. அந்த மடிப்புக்குள் வண்ணம் இறங்கித் திட்டாக நின்றது. மடித்த பிறகுதானே பூசியிருக்க வேண்டும்? திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெளேரென்று இருந்தது. பழைய பச்சைகள் பலவற்றில் செம்பு உண்டு. அது தாளை மெல்ல அரித்துப் பின்னால் பழுப்பாகத் தெரியும். இதில் ஒரு புள்ளிகூட இல்லை. அச்சு பழசு, வண்ணம் புதுசு!

ஆகவே, திருப்பிப் பாருங்கள். விலை பேசுவதற்கு முன்னால் திருப்பிப் பாருங்கள். பிரானேசி படத்தில் நீல வானம் தெரிந்தால் இரண்டு தடவை திருப்பிப் பாருங்கள்.

ஆனால் கொலோசியத்தில் அந்தப் பச்சை பொய்யில்லை. 1855இல் ரிச்சர்ட் டீக்கின் என்ற ஆங்கிலேயர் அங்கே 420 வகைச் செடிகளைக் கணக்கெடுத்துப் புத்தகமே போட்டார். பிறகு கட்டடத்துக்குக் கேடு என்று பிடுங்கிவிட்டார்கள். இன்று அங்கே போகிறவர்களுக்கு அந்தக் காடு கிடையாது, படத்தில்தான் இருக்கிறது.

பராமரிப்பு பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டுகிறார்கள். வெயில் படும் சுவர் கூடாது. பின்னால் செல்லோடேப் ஒட்டவே கூடாது. கண்ணாடி படத்தைத் தொடாமல் சட்டம் போடச் சொல்லுங்கள். பூச்சி, ஈரம்... அதற்கு நேரமில்லை. வணக்கம்.