வெள்ளைக் கோடுகளின் வழியே: தென் பிரான்சின் அமைதியான மிதிவண்டிச் சாலைகள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பிரான்சின் தெற்கே, ரோன் ஆற்றுக்குக் கிழக்கில், வோக்ளூஸ் என்றொரு மாவட்டம் இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளாக அங்கே வசித்து வருகிறேன். ஏறத்தாழ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விடியற்காலையில் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு, சந்தடியில்லாத சாலைகளைத் தேடிப் போவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சாலைகளைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். தென் பிரான்சில் மிதிவண்டி என்றதும் பலருக்குப் பெரிய பந்தயங்களும், மோன் வாந்து மலையின் 1,909 மீட்டர் உச்சியும் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது அந்த மலையின் காலடியில், யாரும் பெயர் சொல்லாத, ஒரு ஊரையும் அடுத்த ஊரையும் மட்டும் இணைத்துவிட்டு நின்றுவிடும் சிறு சாலைகளைப் பற்றி.

வானொலியில் வரைபடத்தைக் காட்ட இயலாது. ஆனாலும் அதன் நிறங்களைச் சொல்லிவிடலாம். மிஷெலின் வரைபடம் இந்நாட்டில் பெரும்பாலான வீடுகளில், காரின் கதவுப் பையிலாவது, மடிந்து கிடக்கும். அதில் பெரிய சாலைகள் சிவப்பு, அடுத்த நிலைச் சாலைகள் மஞ்சள், மற்றவையெல்லாம் வெள்ளை. சாலையின் ஓரத்தில் பச்சைக் கோடு ஓடினால் அது காட்சி அழகுள்ள வழி என்று பொருள். சாலையின் மேல் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ஏற்றம்: ஒரு குறி என்றால் 5 முதல் 9 சதவீதம், இரண்டு என்றால் 13 சதவீதம் வரை, மூன்று என்றால் அதற்கும் மேல். மிதிவண்டி ஓட்டுபவருக்கு வேண்டியது வெள்ளை. இதை மறுபடியும் சொல்கிறேன்: மஞ்சள் அல்ல, வெள்ளை.

இந்த வெள்ளைச் சாலைகள் ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கின்றன என்று நான் நெடுநாள் யோசித்ததுண்டு. பிரான்சின் சாலைகள் அனைத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 11 லட்சம் கிலோமீட்டர் வரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு அந்தந்த ஊர் நிர்வாகமே பராமரிக்கும் சிறு சாலைகள். கடைசித் திராட்சைத் தோட்டம்வரை, மலைச்சரிவில் தனியாக நிற்கும் பண்ணை வீடுவரை, தார் போடப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பண்ணைகளில் முன்பு இருந்த அளவுக்கு இப்போது மக்கள் இல்லை. நகரத்துக்குப் போகிறவர்கள் சிவப்புச் சாலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். சாலை இருக்கிறது, போக்குவரத்து இல்லை. ஊர் முனையில் சுவரில் பதித்த பலகையில் ‘பழைய கார்ப்பென்த்ராஸ் பாதை’ என்பதுபோல் ஏதாவது எழுதியிருந்தால், தயங்காமல் அதில் திரும்பிவிடுங்கள். புதிய நேர்சாலை வருவதற்கு முன்பு ஊரார் நடந்தும் வண்டி கட்டியும் போன வழி அதுதான். மேடு பள்ளங்களுக்கு வளைந்து கொடுத்து, கிணறுகளையும் நிழலையும் தொட்டுக்கொண்டு போகும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வில்-சூர்-ஓசோன் என்ற ஊரிலிருந்து சோ என்ற மலையூருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று 996 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டிப் போகும் D1 என்ற எண் கொண்ட சாலை. அவசரமாகப் போகிற கார்களும் லாரிகளும் அதிலேயே போய்விடுகின்றன. நான் முதன்முறை போனபோது, கைகாட்டிப் பலகையை நம்பி அந்த வழியில்தான் ஏறினேன். முழங்கைக்கு அருகே லாரிகள் உரசிக்கொண்டு போக, பயணம் முழுவதும் பின்பக்கம் திரும்பிப் பார்ப்பதிலேயே கழிந்தது. பலகைகள் கார் ஓட்டுபவர்களுக்காக நடப்பட்டவை என்பது அன்று புரிந்தது. இன்னொரு வழி D942. அது நெஸ்க் ஆற்றின் மலையிடுக்கில், பாறையைக் குடைந்து போட்ட சாலை. சுற்றுவழியாக இருப்பதால், அவசரக்காரர்கள் அதைத் தொடுவதில்லை.

அந்தச் சாலையில் ஏற்றம் இருப்பதே தெரியாது. பெருமரங்கள் இல்லை, குட்டையான ஓக் மரங்களும், வெயில் ஏற ஏற மணம் வீசும் தைம் செடிகளும்தான். இடது கைப்பக்கம் பாறைச்சுவர், வலப்புறம் முழங்கால் உயரக் கற்சுவர், அதற்கப்பால் பள்ளம். கோடையில் ஆறு பெரும்பாலும் வறண்டு கிடப்பதால் நீரோசைகூடக் கேட்காது. மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரத்தின் டிக் டிக் ஒலி எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி வருவதைக் கேட்கலாம். வழியில் மஞ்சள் தலை வைத்த சின்னக் கிலோமீட்டர் கற்கள் நிற்கும். ஒரு கல்லின் மேல் பல்லி ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. என் சக்கரம் ஒரு முழத் தொலைவில் நின்றும் அது நகரவில்லை. 734 மீட்டர் உயரத்தில் கஸ்தெலராஸ் பார்வை மேடை வரும். எதிரே நிமிர்ந்து நிற்கும் செங்குத்துப் பாறைக்கு ‘மெழுகுப் பாறை’ என்று பெயர். காட்டுத் தேனீக்கள் அதில் கட்டிய அடைகளால் வந்த பெயர் அது. அங்கிருந்து மோன்யூ ஊருக்கு இறங்கி, மறுபடி கொஞ்சம் ஏறினால் சோ. சூலை மாதமானால் சமவெளி முழுவதும் லாவெண்டர் ஊதா நிறமாக விரிந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் கடந்துபோக என் மனம் ஒப்பாது. நெஸ்க் ஆறு மலையை விட்டுச் சமவெளிக்கு வந்தபின் பெர்ன்-லே-ஃபோந்தேன் என்ற ஊரைத் தொட்டு ஓடுகிறது. நாற்பது நீரூற்றுகள் உள்ள ஊர் அது. அங்கே 1853இல் பிறந்தவர் போல் த விவி. பட்டு வணிகராகச் சேந்த்-எத்தியென் நகரத்தில் வாழ்ந்த அவர், நடுவயதை நெருங்கும்போது மிதிவண்டியில் மனத்தைப் பறிகொடுத்தார். 1887இல் மிதிவண்டிக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். வேலோசியோ என்ற புனைபெயரில் எழுதினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பந்தயத்துக்காக அன்றி, ஊர் பார்ப்பதற்காகவும் உடல் நலத்துக்காகவும் மிதிவண்டி ஓட்டலாம் என்பதைப் பிரான்சு நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான் என்பது என் கருத்து.

அக்காலத்து மிதிவண்டிக்கு ஒரே ஒரு பல்சக்கர விகிதம்தான். மேட்டில் இறங்கித் தள்ளவேண்டும். வேலோசியோ இதை ஏற்க மறுத்தார். பல வேக கியர் வேண்டும் என்று தம் இதழில் விடாமல் எழுதினார், தாமே செய்து பார்த்தார், மலையில் ஏறிக் காட்டினார். பந்தயக்காரர்கள், அது பலவீனர்களுக்கான ஏற்பாடு என்று ஒதுக்கினார்கள். 1902இல் பிரான்சின் சுற்றுலாக் கழகம் ஒரு சோதனை நடத்தியது. மலைப்பாதையில் 240 கிலோமீட்டர். ஒரு பக்கம், ஒற்றை வேக வண்டியில் ஒரு சாம்பியன். மறுபக்கம், மூன்று வேக வண்டியில் மார்த் ஹெஸ் என்ற பெண்மணி. மார்த் ஹெஸ் எளிதாக முந்தினார். ஆனாலும், தூர் த ஃப்ரான்ஸ் பந்தயத்தில், சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும், இன்று நாம் காணும் சங்கிலி மாற்றிக்கு 1937 வரை அனுமதி கிடைக்கவில்லை. முன்னே 34 பல், பின்னே 34 பல் என்று சங்கிலியைப் போட்டுக்கொண்டு, இந்த வயதில் நான் ஒரு கணவாயை மூச்சுத் திணறாமல் ஏறுகிறேன் என்றால், அது அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் விடாமல் வாதாடியதன் பலன்.

பயணிகளுக்கு அவர் சில கட்டளைகளையும் விட்டுச்சென்றார். பசிப்பதற்கு முன் உண், தாகம் எடுப்பதற்கு முன் குடி. குளிர் உறைப்பதற்கு முன் போர்த்திக்கொள். அளவுக்கு மீறிக் களைப்படையாதே. தற்பெருமைக்காக ஒருபோதும் மிதிக்காதே. இந்தக் கடைசிக் கட்டளையை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்; வெள்ளைச் சாலையைத் தேர்ந்தெடுப்பதும் அதைக் கடைப்பிடிக்கும் ஒரு வழியே. ஆண்டுதோறும் ஈஸ்டர் விடுமுறையில் தோழர்களோடு ப்ரோவான்ஸ் பகுதிக்கு இறங்கி வருவது அவருக்கு வழக்கமாக இருந்தது. 1930இல், வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடக்கையில், டிராம் மோதி அவர் இறந்தார். அந்த ஈஸ்டர் கூடல் இன்றும் தொடர்கிறது.

இனி காற்று. மிஸ்த்ரால் என்பது ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கும் காற்று. தெளிந்த நீலவானத்தோடு வருவதால், நல்ல நாள் என்று ஏமாந்துவிடுவோம். அங்குள்ள பண்ணை வீடுகளைக் கவனித்தீர்களானால், வடக்குச் சுவரில் சன்னலே இருக்காது; வயல்களில் சைப்ரஸ் மரங்களைக் கிழக்கு மேற்காக வேலிபோல் நட்டிருப்பார்கள். அந்த வேலியின் தென்புறம் ஒட்டிப் போகும் சாலை ஒன்று கிடைத்தால் அதை விடாதீர்கள். காலையில், உடலில் தெம்பு இருக்கும்போதே, காற்றை எதிர்த்து வடக்கே போய்விடவேண்டும். திரும்புகையில் அதுவே முதுகைத் தள்ளும்.

நீரைப் பொறுத்தவரை, ஊர் நடுவே ஊற்று இருக்கும். அதன் பலகையில் ‘ஓ போத்தாப்ல்’ என்றிருந்தால் குடிக்கலாம், ‘நோன்’ என்ற சொல் நடுவில் இருந்தால் குடிக்கக்கூடாது. ஊற்று இல்லாத ஊரில் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கென வைத்த குழாய் வாசலருகே இருக்கும். ரொட்டிக் கடைகள் பன்னிரண்டரை மணிக்கு மூடினால் மாலைவரை திறப்பதில்லை. சிற்றூர்களில் பெரும்பாலும் திங்கட்கிழமையும் விடுமுறை. செப்டம்பர் முதல் பிப்ரவரி இறுதிவரை வேட்டைக் காலம் என்பதால், காட்டோரச் சாலைகளில் பளிச்சென்ற சட்டை அணிவது நல்லது.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். கனால் த்யூ மிதி என்ற கால்வாயின் கரைப்பாதையைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன், அதற்கு இப்போது இடமில்லை. மேற்கே உள்ள கோஸ் மெஜான் பீடபூமியைப் பற்றி மட்டும் இரண்டு வாக்கியங்கள். கோடையில் கீழே தார்ன் ஆற்றோரச் சாலை கார்களால் நிறைந்திருக்கும். ஆனால் வளைவு வளைவாக ஏறி ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தை எட்டிவிட்டால், புல்வெளி, ஆட்டு மந்தை, 1981 முதல் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட பிணந்தின்னிக் கழுகுகள், இவை தவிர எவரையும் காணமாட்டீர்கள். சுண்ணாம்புக்கல் நிலமாதலால், மழைநீர் மேலே நிற்காமல் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆகவே, கீழே ஃப்ளோராக் ஊரிலேயே இரண்டு புட்டிகளையும் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். வணக்கம்.