எண்ணித் தைக்கிற சால்வை

வணக்கம் நேயர்களே. ஊட்டிக்குப் போனவர்கள் அந்தச் சால்வையைப் பார்த்திருப்பீர்கள். பழுப்பு வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் கம்பளி நூல் தையல். தோடர் சால்வை என்று கடையில் சொல்வார்கள். நீலகிரியில் மந்து எனும் சிற்றூர்களில் வாழும் பழங்குடிகளான தோடர்கள் அதைப் பூத்துக்குளி என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 2,000 பேர்தான் அவர்கள். ஆணும் பெண்ணும் இதைப் போர்த்துகிறார்கள், இறந்தவர் உடலையும் இதில்தான் சுற்றுகிறார்கள். தைப்பது மட்டும் பெண்கள்.

இந்தத் தையலுக்கு வரைபடம் கிடையாது. துணியில் பென்சில் கோடு இல்லை, இழுத்துப் பிடிக்க வட்டச் சட்டமும் இல்லை. ஒரே ஓர் ஊசி, பிறகு விரல்கள். நீளவாட்டில் ஓடும் பாவு இழையையும் குறுக்கே ஓடும் ஊடை இழையையும் விரலால் தடவி எண்ணி எண்ணித்தான் ஊசி போகும். அதனால்தான் துணி கட்டை நூலில், கொஞ்சம் தளர்ந்த நெசவாக இருக்க வேண்டும். மெல்லிய மல் துணியில் இழையை எண்ண முடியாது. பாவு நெருங்கி ஊடை அகன்ற துணியானால், சதுரமாக வர வேண்டிய பூ ஒரு பக்கம் நீண்டுவிடும். தோடர்கள் நெய்வதில்லை, துணி சமவெளியிலிருந்து வருகிறது. தறியிலேயே சிவப்புப் பட்டை ஒன்றும் கறுப்புப் பட்டை ஒன்றும், சுமார் 6 அங்குல இடைவெளியில் போட்டிருக்கும். அந்த இடைவெளிதான் பூ தைக்கிற இடம்.

எண்ணுவது எப்படி? வாசலில் புள்ளிக்கோலம் போடுகிறவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று புள்ளியை ஏற்றினால் முக்கோணம் வருகிறதல்லவா? அதேதான். முதல் வரியில் ஓர் இழை, அடுத்ததில் இருபுறமும் ஒவ்வோர் இழை கூட்டி மூன்று, பிறகு ஐந்து. தோடர்களின் முதல் பூசாரியை நினைத்துத் தைக்கும் கறுப்பு முக்கோணம் இப்படி ஏறக்கூடியதுதான். எருமைக் கொம்பு உண்டு, பாம்பு உண்டு, சூரியன் சந்திரன் உண்டு. ஓரத்தில் முயல் காது. எருமைப் பாலே கோயில் காரியமாக இருக்கும் மக்களுக்குக் கொம்பு வெறும் அழகுக்கு வைத்த பூ அல்ல.

ஓர் இழை தப்பினால்? அந்த வரியில் ஒன்றும் தெரியாது. நாலு வரி தாண்டிப் பார்த்தால் முயலின் ஒரு காது சாய்ந்திருக்கும். பிரிக்கலாம், ஆனால் ஒரு தடவை இழுத்த கம்பளி நூல் நைந்துபோகும். ஆகவே வரி திரும்பும் முன்பே எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டும். திரும்பச் சொல்கிறேன், திரும்பும் முன்பே.

இன்னொன்று, நூலை இறுக்கக் கூடாது. இறுக்கினால் துணி சுருங்கி அலை அலையாக எழும்பும். ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் நூலை வேண்டுமென்றே தளர விடுகிறார்கள், அது புசுபுசுவென்று மேலெழும்பி நிற்கும். தைப்பது துணியின் பின்பக்கத்திலிருந்து. நாம் பின்பக்கம் என்று ஒதுக்குகிற அந்தப் புசுபுசுப்புதான் தோடர்களுக்கு நல்ல பக்கம்!

2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தும் இயந்திரப் போலிகள் விற்கின்றன. வாங்கும்போது தயவுசெய்து திருப்பிப் பாருங்கள். பின்னால் காகிதம் போன்ற ஒட்டுத்துணியோ, அடிநூலாக இரண்டாவது மெல்லிய நூலோ இருந்தால் அது கைவேலை அல்ல. கட்டைவிரலால் தடவிப் பாருங்கள், வழவழவென்று தட்டையாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். கைவேலைக்குக் கேட்கும் விலை எண்ணிய இழைகளுக்கான கூலி. அதில் பேரம் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

துவைப்பது பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாக: முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் சிவப்பு நூலை ஒத்திப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வீட்டில் நனைக்க வேண்டாம். ஒட்டாவிட்டால் பச்சைத் தண்ணீரில் தனியாக அலசுங்கள். பிழிய வேண்டாம், நிழலில் விரித்துக் காயவையுங்கள். வணக்கம்.