சொல்லுக்குக் கொடுக்கும் விலை

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் அறத்தைப் பற்றி யாரும் பேசாத நாள் என்று ஒன்று இல்லை. காலையில் பாடசாலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒரு மாணவர் நற்சிந்தனை வாசிக்கிறார். மாலையில் கோயில் ஒலிபெருக்கியில் பிரசங்கம் ஒலிக்கிறது. ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலை நடக்கிறது. பரிசளிப்பு விழா என்றால் பிரதம விருந்தினர் நேர்மையைப் பற்றிப் பேசாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. ஒருவர் காலமாகி 31ஆம் நாளில் உறவினர் வெளியிடும், கல்வெட்டு என்று நாம் அழைக்கும் நினைவு மலரில்கூட, அவருடைய வாய்மையும் ஈகையும் தவறாமல் இடம்பெறுகின்றன. இவ்வளவையும் கேட்டு வளர்ந்த நாம், சொன்னபடி நடக்க வேண்டிய வேளை வந்ததும் ஏன் இவ்வளவு எளிதாக விலகிப் போகிறோம் என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

இதற்கு வழமையாகச் சொல்லப்படும் விடை, ஊருக்கு உபதேசம் செய்பவர்கள் வேடதாரிகள் என்பது. அந்த விடை எனக்குப் போதவில்லை. வள்ளுவர் வேடதாரிகளுக்கென்று கூடாவொழுக்கம் என்ற தனி அதிகாரமே வைத்தார். ஆனால் "ஓதி உணர்ந்தும் பிறர்க்குரைத்தும் தானடங்காப் பேதையின் பேதையார் இல்" என்ற குறளை அவர் அந்த அதிகாரத்தில் வைக்கவில்லை, பேதைமை என்ற அதிகாரத்தில் வைத்தார். அந்தக் குறளில் வருபவர் படித்திருக்கிறார், படித்ததை உணர்ந்திருக்கிறார், உணர்ந்ததைப் பிறருக்கும் எடுத்துச் சொல்கிறார். அவரிடம் வஞ்சகம் இருப்பதாக வள்ளுவர் சொல்லவில்லை. தான் அடங்கி நடக்கவில்லை என்பது மட்டுமே அவருடைய குறை. நம்மில் பெரும்பாலானோர் இந்த இனத்தைச் சேர்ந்தவர்கள் என்றே நான் கருதுகிறேன். நல்லதை எடுத்துச் சொல்லும்போது மனத்தில் ஒரு நிறைவு பிறக்கிறது. அந்த நிறைவையே நல்லதைச் செய்துவிட்டதாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறோம். பொய் சொல்பவருக்குத் தான் சொல்வது பொய் என்றாவது தெரியும். பேதைக்கு அதுவும் தெரிவதில்லை. ஆகவேதான் வள்ளுவர் இவரை மற்ற எல்லாப் பேதையரிலும் கீழே வைத்தார் போலும்.

இந்தப் பேதைமை நம் வீடுகளுக்குள் எப்படி நுழைகிறது என்பதற்கு, ஆசிரியர்களும் பெற்றோரும் நன்கு அறிந்த ஒன்றைச் சொல்கிறேன். தரம் ஒன்றுக்குப் பிள்ளையைச் சேர்க்கும் காலம் வருகிறது. பெயர்பெற்ற பாடசாலை ஒன்றுக்கு அண்மையில் வசிப்பவர்களுக்கு அனுமதியில் முன்னுரிமை உண்டு. நாம் வசிப்பதோ வேறு இடத்தில். உடனே, பாடசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் உறவினர் ஒருவருடைய வீட்டை வாடகைக்கு எடுத்ததாக ஓர் உறுதிப் பத்திரம் எழுதப்படுகிறது. மின்கட்டணப் பட்டியல் பெயர் மாற்றப்படுகிறது. வாக்காளர் இடாப்பில் பெயர் அங்கே ஏறுகிறது. தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர், ஒருநாளும் அந்த வீட்டு வாசலில் நம்மைக் காணாதவர், நாம் அங்கே வசிப்பதாகக் கையொப்பம் இடுகிறார். இவை எல்லாம் பெரியவர்களுக்குள் நடந்து முடிந்தால் ஓரளவுக்காவது பொறுக்கலாம். நேர்முகத் தேர்வுக்கு முதல்நாள் இரவு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தாய் சொல்லிக் கொடுக்கிறாள்: "வீடு எங்கை எண்டு கேட்டால் மாமி வீட்டைச் சொல்ல வேணும், என்ன? எங்கடை வீட்டைச் சொல்லிப்போடாதை." ஐந்து வயதுப் பிள்ளை அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுகிறது. மறுநாள் பிழையில்லாமல் சொன்னதற்காக அதற்கு ஐஸ்கிறீமும் கிடைக்கிறது. பின்னர் அந்தப் பாடசாலையின் சுவரில் எழுதியிருக்கும் வாய்மை பற்றிய வாசகத்தை அதே பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கும். இரண்டு பாடங்களில் எது அதன் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பாருங்கள்.

அந்தத் தாயை நான் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். பிள்ளை நல்ல பாடசாலையில் படிக்க வேண்டும் என்ற அவளுடைய ஆசையில் குற்றம் இல்லை. ஆனால் அவள் தேடிப் பெற்ற அந்த ஓர் இடம், பாடசாலை மதிலோடு ஒட்டிய காணியில் உண்மையாகவே குடியிருக்கும் ஒரு கூலித்தொழிலாளியின் பிள்ளைக்கு உரிய இடமாக இருந்திருக்கலாம். உறுதி எழுதுவிக்கப் பணமும் கையொப்பம் வாங்கச் செல்வாக்கும் இல்லாத அந்தத் தொழிலாளியின் பெயரை எந்த மேடையிலும் யாரும் சொல்லப்போவதில்லை.

கலியாணப் பேச்சுக்கு வருவோம். சீதனத்தை ஆதரித்து மேடையில் பேசிய ஒருவரையும் நான் கேட்டதில்லை. பட்டிமன்றத்துக்குக்கூட அந்த அணியில் பேச ஆள் பிடிப்பது கடினம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை, முன்னோரிடமிருந்து வரும் முதுசம், பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம், திருமணத்தின் பின் தேடிய தேடியதேட்டம் என்று சொத்தை வகுத்தது. ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்து எழுதிய அந்த வழமையில், சீதனம் பெண்ணுக்கு உரிய சொத்து. இன்று மாப்பிள்ளையின் பெற்றோருடைய கையில் டொனேஷன் என்ற பெயரில் போய்ச் சேரும் காசுக்கு அந்த வழமையைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் இதை நினைவில் கொள்வதில்லை. பேச்சு நடக்கும் முறையையும் கவனியுங்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, "நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை, உங்கடை பிள்ளைக்கு நீங்கள் விரும்பிச் செய்யிறதைச் செய்யுங்கோ" என்கிறார். அடுத்த நாள் தரகர் வந்து, எவ்வளவு காசு, எத்தனை பவுண், எந்தக் காணி என்று கணக்கைச் சொல்கிறார். கேட்காமலே கேட்கும் இந்தக் கலையில் நாம் மிகத் தேர்ந்துவிட்டோம். பெண்ணின் தகப்பனார் ஊர்க் காணியை ஈடுவைக்கும்போதும், மாப்பிள்ளை வீட்டார் தாங்கள் சீதனம் வாங்காத குடும்பம் என்றே மனமார நம்பிக்கொண்டிருப்பார்கள். நான் முன்னர் சொன்ன பேதைமை இதுதான்.

தோட்டத்திலும் இதே கதை உண்டு. சந்தைக்குப் போகும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் மருந்தடித்த கையோடு, வீட்டுக்கென்று மருந்து படாத ஒரு பாத்தியைப் பிரித்து வைத்திருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நம் நிலத்தடி நீரோ சுண்ணாம்புக் கல்லின் ஊடாக ஊறி வருவது. ஒரு தோட்டத்தில் கொட்டிய உரமும் மருந்தும் அடுத்த வீட்டுக் கிணற்றுக்கு வர மதில் தடையாகாது.

அப்படியானால் ஒருவர் சொல்லும் அறத்தை எதைக் கொண்டு அளப்பது? அந்தச் சொல்லுக்காக அவர் என்ன விலை கொடுத்தார் என்று பார்ப்பதே என்னுடைய அளவுகோல். சைவ அறிஞரான ஆறுமுக நாவலர் 1847ஆம் ஆண்டின் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். அப்போது அவர் கிறித்தவ மிஷன் பாடசாலையில் சம்பளம் பெறும் ஆசிரியர். அடுத்த ஆண்டிலேயே அந்த வேலையை விட்டு, சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1877ஆம் ஆண்டை ஒட்டிய பஞ்சகாலத்தில் வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தவர்களுக்கு உணவிட்டார். பிரசங்கம் செய்த வாய்க்கு உரியவரே பசித்தவர்களுக்குக் கஞ்சி கிடைக்கவும் வழி செய்தார் என்பது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சாதி வேற்றுமையை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார்; அந்த நிலைப்பாட்டை நான் ஏற்கவில்லை. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வதும் நேர்மையாகாது.

நாவலர் எட்டாத அந்த இடத்தை இன்னொரு தலைமுறை எட்ட முயன்றது. 1924இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆன இயக்கத்தில், ஹண்டி பேரின்பநாயகம் போன்ற இளம் ஆசிரியர்கள் இருந்தார்கள். 1927 நவம்பரில் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்கள் அவர்களே. தீண்டாமை தவறு என்று தீர்மானம் நிறைவேற்றுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சமபந்தியில் எல்லாச் சாதியினரோடும் அமர்ந்து சாப்பிட்டார்கள். அக்காலத்தில் அப்படிச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பும் இளைஞனுக்குத் தாய் தகப்பனிடமும் உறவினரிடமும் என்ன வரவேற்புக் கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஒரு நேரச் சோற்றின் விலை விளங்கும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் மற்றவர்களோடு வாங்கில் சரிசமமாக அமரவேண்டும் என்று கல்வித் திணைக்களம் வற்புறுத்தியபோது, பல இடங்களில் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. எதிர்த்து நின்றவர்களில் தேவாரம் ஓதாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? எல்லா உயிரிலும் ஈசன் இருக்கிறான் என்று பாடியவர்களால், தம் பிள்ளைக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை இருப்பதைப் பொறுக்க முடியவில்லை.

சாதியைக் காட்டிப் பொது இடங்களில் ஒதுக்குவதைத் தடைசெய்ய 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்த பின்பும், தேநீர்க் கடைக்குள் நுழைந்து எல்லோருக்கும் உரிய குவளையில் தேநீர் கேட்ட ஒடுக்கப்பட்ட சாதியினர் அடி வாங்கினார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே செல்ல அனுமதி கேட்டு நின்றவர்கள் தடுக்கப்பட்டார்கள். சமத்துவத்தைப் பற்றி நீண்ட உரைகளை அவர்கள் நிகழ்த்தவில்லை. தமக்கு அது உரியது என்று வாசலில் போய் நின்றார்கள், அதற்கான விலையை உடம்பால் கொடுத்தார்கள். இந்தக் கதை முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கும் விருப்பம்தான். ஆனால் 2018இல் தென்மராட்சியில் ஒரு கோயில் தேரை மண்வாரி இயந்திரம் இழுத்துச் செல்லும் படம் செய்திகளில் வந்ததையும், எல்லோரும் வடம் பிடிக்கக்கூடாது என்பதே அதற்குக் காரணம் என்று குற்றஞ்சாட்டப்பட்டதையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

நம் காலத்திலேயே வேறு விதமாக வாழ்ந்து காட்டியவரும் உண்டு. சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார், 1925 முதல் 2008 வரை வாழ்ந்தவர், ஆசிரியை, ஊர் ஊராகச் சென்று சமயச் சொற்பொழிவு ஆற்றியவர். தாய்மையைப் பற்றியும் கருணையைப் பற்றியும் பேச அவருக்குச் சொல்வளம் நிறைய இருந்தது. அதோடு, தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலின் பொறுப்பை ஏற்று, ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு அங்கே ஓர் இல்லத்தை நடத்தினார். போர் அந்த ஊரைக் குலைத்துப்போட்ட ஆண்டுகளிலும் அந்தப் பிள்ளைகளை அவர் கைவிடவில்லை. கருணை என்ற சொல்லை அவர் உச்சரித்தபோது கேட்டவர்கள் நம்பியதற்கு அந்த இல்லமே காரணம் என்பது என் துணிபு.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். குறையே இல்லாதவர்தான் அறம் பேசலாம் என்றால், ஊரில் பேச ஒருவரும் மிஞ்சமாட்டார்களே? நியாயமான கேள்வி. குடிப்பழக்கத்தை விட முடியாத ஒரு தகப்பன், "நான் இதிலை கிடந்து படுற பாட்டைப் பார், நீ இதைத் தொட்டுப்போடாதை" என்று மகனிடம் சொன்னால், அந்தச் சொல்லுக்கு நான் தலைவணங்குவேன். தன் மானத்தை மகன் முன்னால் விட்டுக்கொடுத்து அவர் அதைச் சொல்கிறார். போத்தலை ஒளித்து வைத்துவிட்டு மதுவிலக்குக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் செல்பவருடைய சொல் அதனோடு ஒப்பாகாது. குறை உள்ளவர்கள் பேசட்டும். தம் குறையையும் கேட்போர் பட்டியலில் சேர்த்துக்கொண்டு பேசட்டும்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம்முடைய அறவுரை எல்லாமே மேலிருந்து கீழ்நோக்கி, பெரியவரிடமிருந்து சிறியவரை நோக்கியே போகிறது. பரிசளிப்பு விழாவில் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக இருந்து நேர்மையைப் பற்றிக் கேட்கிறார்கள். போலி உறுதி எழுதியவரும், அதில் கையொப்பம் இட்டவரும், அது போலி என்று தெரிந்தும் ஏற்றுக்கொண்டவரும் கொட்டகைக்குள் மெத்தை வைத்த கதிரையில் இருக்கிறார்கள். பேச்சு அவர்களை நோக்கித் திரும்பட்டும். இனி இத்தகைய விழாக்களுக்கு அழைக்கப்படுபவர்கள், பிள்ளைகளுக்கு ஒரு வாழ்த்தைச் சொல்லிவிட்டு, எஞ்சிய நேரம் முழுவதும் முன்வரிசையோடு பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதிபர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தரம் ஒன்று அனுமதியின்போது, முகவரியை நேரில் சென்று பாருங்கள். பழைய மாணவரோ அரசியல்வாதியோ தொலைபேசியில் கேட்டாலும், பொய்யான ஆவணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இடமாற்றமும் பகையும் வரலாம் என்பதை அறிந்தே இதைக் கேட்கிறேன். பெற்றோரே, உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பாடசாலை இருக்கும். பிள்ளைகள் குறைந்து குறைந்து, ஒரு வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு அது நடந்துகொண்டிருக்கலாம். அங்கேயும் பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் உங்கள் சொந்த முகவரியை எழுதிக்கொண்டு, ஒருநாள் காலையில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அந்தப் பாடசாலையைப் போய்ப் பாருங்கள்.

நன்றி. வணக்கம்.