முகவரியைப் படித்தீர்களா?

(எங்கள் ஊர் ஐக்கியக் கூட்டத்தில் பேசியது. நடுவில் மைக் இரண்டு முறை நின்றுபோனதால் பின்வரிசைக்காரர்கள் எழுதித் தரச் சொன்னார்கள்.)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சேகர குருவானவர் ஐயா அவர்களே, அடுத்த தெரு ஜெபவீட்டிலிருந்து பெருந்தன்மையோடு வந்திருக்கும் மூப்பர் அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி அம்மா அவர்களே, ஐந்தாம் வகுப்பில் நான் வாய்ப்பாடு ஒப்பிக்க முடியாமல் முழித்ததை இன்றைக்கும் மறக்காத என் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பந்தல் போட்ட தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும், போன வருஷம் பொருளாளரை விட்டுவிட்டு ஆறு மாதம் பட்டேன். பொருளாளர் அவர்களே, வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ஆதித் திருச்சபையும் யூத நியாயப்பிரமாணமும், அதாவது முதல் கிறிஸ்தவர்களும் மோசேயின் சட்டமும். மூன்று விஷயம் பேசப்போகிறேன்: ஓய்வுநாள், விருத்தசேதனம் (ஆண்பிள்ளைக்கு நுனித்தோல் நீக்கும் சடங்கு), சாப்பாடு. தலைவர் ஐயா இப்போதே கடிகாரத்தைப் பார்க்கிறார், அதனால் சாப்பாட்டில் ஆரம்பிக்கிறேன்.

என் அம்மா வாயில் எப்போதும் ஒரு பழமொழி இருக்கும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. யூத மார்க்கமும் கிறிஸ்தவமும் அந்தத் தாய் பிள்ளை மாதிரிதான். அப்படியில்லை, இரண்டும் ரெபெக்காள் பெற்ற இரட்டையர் மாதிரி என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. இருக்கட்டும், ஆனால் என் பழமொழி கெட்டுப்போகுமே.

முதலில் ஒன்றை நினைவில் வையுங்கள். இயேசு யூதர், அவருடைய சீஷர் பேதுரு யூதர், அப்போஸ்தலர் பவுல் எட்டாம் நாளில் விருத்தசேதனம் ஆன பரிசேயர். உயிர்த்தெழுதலுக்குப் பிறகும் பேதுருவும் யோவானும் ஜெபவேளைக்கு எருசலேமில் இருந்த யூதத் தேவாலயத்துக்குத்தான் போனார்கள். புது மதம் ஆரம்பித்துவிட்டோம் என்று அவர்களில் யாரும் பலகை மாட்டவில்லை. யோப்பாவில் தோல் பதனிடுகிற சீமோன் வீட்டு மாடியில், மத்தியானப் பசியோடு பேதுரு ஜெபம் பண்ணும்போது, எல்லா மிருகங்களும் நிறைந்த ஒரு துப்பட்டி வானத்திலிருந்து இறங்குகிறது. அடித்துச் சாப்பிடு என்று சத்தம் கேட்கிறது. அவர் என்ன சொன்னார்? தீட்டானதை நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை ஆண்டவரே என்றார். இயேசுவோடு கூடவே அலைந்த மனிதர், அத்தனை நாளும் கோஷர் தட்டிலேதான், யூதச் சட்டம் அனுமதித்ததை மட்டும்தான் சாப்பிட்டிருக்கிறார்!

பிரச்சினை வெடித்தது அந்தியோகியாவில், இன்றைய துருக்கியின் அந்தாக்கியாவில். கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் வழங்கியதும் அந்த ஊரில்தான். யூதர் மற்றவரோடு பந்தியில் உட்காரும் வழக்கமில்லை, ஆனால் அங்கே யூத விசுவாசியும் கிரேக்க விசுவாசியும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள், பேதுருவும் உட்கார்ந்தார். எருசலேமிலிருந்து, அங்கே சபைத் தலைவராயிருந்த யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்ததும் மனிதர் மெல்ல எழுந்து தனியாகப் போய்விட்டார். பவுலின் கூட்டாளி பர்னபாவும் பின்னாலேயே போய்விட்டார். பவுல் விடவில்லை, எல்லோருக்கும் முன்னால் வைத்துக் கேட்டார். கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் அவரே எழுதியிருக்கிறார், ஆனால் பேதுரு என்ன பதில் சொன்னார் என்று எழுதவில்லை. (பவுல் ஜெயித்திருந்தால் எழுதியிருப்பார் என்பது என் சந்தேகம்.) சண்டை கடவுள் ஒருவரா மூவரா என்பதில் இல்லை, இலையில் யாரோடு உட்காருவது என்பதில். வாயும் வயிறும் வேறு!

கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிப் பேசி ஒரு கடிதம் எழுதினார்கள். நான் 36 வருஷம் தபால் இலாகாவில் இருந்தவன். எந்தக் கடிதத்தையும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு அதிகாரம் கிடையாது, முகவரியைத்தான் பார்ப்பேன். அப்போஸ்தலர் 15-இல் உள்ள கடிதத்துக்கும் முகவரி இருக்கிறது: அந்தியோகியா, சீரியா, சிலிசியா நாடுகளில் இருக்கும் புறஜாதி சகோதரர்களுக்கு. படித்தீர்களா? புறஜாதியாருக்கு, யூதரல்லாதவர்களுக்கு! யூத விசுவாசிகளுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அவர்கள் பாட்டுக்கு நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டார்கள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு விருத்தசேதனம் வேண்டாம், நான்கே நான்கு விஷயம் போதும்: விக்கிரகத்துக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம், இவற்றுக்கு விலகியிருங்கள். நான்கில் மூன்று சாப்பாட்டு விஷயம் என்பதைக் கவனியுங்கள். இந்த நான்கும் லேவியராகமம் 17, 18-இல் இஸ்ரவேலரோடு தங்கியிருக்கும் அந்நியனுக்கும் சேர்த்துச் சொன்னவற்றோடு ஒத்துப்போகின்றன. நியாயப்பிரமாணத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. எருசலேம் சபையின் யூதா, சீலா என்ற இரண்டு பேர் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து வாயாலும் சொன்னார்கள். பதிவுத் தபாலிலேகூட நாங்கள் அதைச் செய்ததில்லை.

அடுத்த அதிகாரத்திலேயே பவுல் தம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணுகிறார், தாய் யூதப்பெண் என்பதால். இன்னொரு உடன் ஊழியர் தீத்து கிரேக்கர், அவருக்குப் பண்ணவில்லை. முகவரி பார்த்தால் புரியும். கடைசியாக எருசலேமுக்கு வந்தபோதும், நியாயப்பிரமாணத்தில் வைராக்கியமுள்ள ஆயிரக்கணக்கான யூத விசுவாசிகள் இங்கே இருக்கிறார்கள் என்று யாக்கோபு சொல்ல, பொருத்தனை பண்ணின நான்கு பேருக்குச் செலவு கொடுத்துத் தேவாலயத்துக்குப் போனவர் இதே பவுல்தான். அங்கேதான் பிடிபட்டார்.

70-இல் ரோமர் தேவாலயத்தை இடித்தார்கள். அதோடு உறவு அறுந்தது என்று ஞாயிறு பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் நம்பினேன். ஆனால் 386-இல் அதே அந்தியோகியாவில் ஜான் கிறிசோஸ்தோம் என்ற குருவானவர் பிரசங்கபீடத்தில் ஏறித் திட்டுகிறார். யாரை? யூதரின் எக்காளப் பண்டிகைக்கு அவர்களுடைய ஜெப ஆலயம் போகிற தம் சபையாரை. சத்தியம் வாங்குவதற்குக்கூட அங்கே போய் வாங்கினால்தான் பலிக்கும் என்று நம்பியிருக்கிறார்கள். முந்நூறு வருஷம் கழித்தும் பிள்ளை தாய் வீட்டு வாசலில் நிற்கிறது! அந்தப் பிரசங்கங்களைப் பின்னால் யூதரைப் பகைத்தவர்கள் எடுத்துப் பயன்படுத்தினார்கள், அது பெரிய கொடுமை. நியாயப்பிரமாணம் யூதர்களுக்குச் சுமை என்று நான் சொல்லவில்லை, அது அவர்கள் வீட்டுச் சொத்து. அடுத்தவன் கழுத்தில் அதைக் கட்டுவதா என்பதுதான் அன்றைக்குக் கேள்வி.

சரி, அடுத்தவன் கழுத்தில் கட்டுவது இன்றைக்கும் நடக்கிறது, எங்கள் பெரியத்தை கதைக்கு வருகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் ஞானஸ்நானம் எடுக்கப் போனாள். எந்தச் சபை என்று சொல்ல மாட்டேன், யாரும் யாரையும் திரும்பிப் பார்க்க வேண்டாம். வளையலைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினாள். கம்மல், கழற்றினாள். மூக்குத்தி? அது சமைந்த வருஷம் போட்ட ஒற்றைக்கல் மூக்குத்தி, திருகாணி நாற்பத்தைந்து வருஷமாக அசையாமல் உள்ளேயே இறுகிப்போயிருந்தது. முதலில் தேங்காய் எண்ணெய் விட்டார்கள், அப்புறம் விளக்கெண்ணெய், அப்புறம் மாமா சோப்பு நுரை போட்டுப் பார்த்தார். எதிர்வீட்டுப் பாட்டி, தும்மினால் கழன்றுவிடும் என்று மடியிலிருந்து மூக்குப்பொடியை எடுத்துக் கொடுத்தாள். பதினொரு தும்மல், எண்ணியவன் நான். மூக்குத்தி அப்படியே இருந்தது, பாட்டிதான் பொடி போச்சே என்று வருத்தப்பட்டாள். கடைசியில் ஆசாரியிடம் கூட்டிப்போனோம். “நாப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், போடத்தான் வருவாங்க, நல்ல மூக்குத்தியப் பிச்சு எடுக்க நீங்கதான்மா வந்திருக்கீங்க” என்று புலம்பிக்கொண்டே குறட்டால் வெட்டி எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மூக்கு தக்காளி மாதிரி வீங்கியிருக்க, அத்தை தண்ணீரில் இறங்கி எழுந்தாள். ஊழியர் நல்ல மனிதர், அன்பாகத்தான் கேட்டார்: “அம்மா, இப்ப விடுதலையா உணருறீங்களா?” அத்தை சொன்னாள்: “மூச்சு விட முடியல ஐயா.”

சிரிக்கிறீர்கள். ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்குப் பொன் வளையம் போட்டானே ஆதியாகமம் 24-இல், எபிரெயத்தில் அது அவள் மூக்கில் போட்ட வளையம். பெண்களுக்குப் பொன்னாபரணம் அலங்காரமாக இருக்க வேண்டாம் என்று பேதுரு எழுதியிருக்கிறாரே என்று மூப்பர் ஐயா கேட்பார், கேட்கட்டும். அதே வசனத்தில் தலை பின்னுவதும் இருக்கிறது. சடையை அவிழ்த்துவிட்டு வா என்று எந்தச் சபையும் சொல்லி நான் கேட்டதில்லை. மல்லிகைப் பூவையும் எடுக்கச் சொல்கிறார்களே, அதற்கு மட்டும் ஏன் இந்த வைராக்கியம்? நம் பிதாக்களாலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தைச் சீஷர் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று எருசலேமில் எழுந்து கேட்டவரும் இதே பேதுருதான். வந்தவள் உங்கள் பிள்ளை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு, மூக்கும் வேறு.

ஓய்வுநாளும் விருத்தசேதனமும் அப்படியே நிற்கின்றன, தலைவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். அதனால் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஞானஸ்நானத்துக்கு வரும் பெண்களிடம் பூவையும் பொட்டையும் மூக்குத்தியையும் கழற்றச் சொல்ல வேண்டாம் என்று எல்லாச் சபைகளுக்கும் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம், முகவரி சரியாகப் போட்டிருக்கிறேன். தாள் வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுக்குக் காப்பி குடிக்கப் போங்கள். பேனாவை நூல் போட்டுக் கட்டித்தான் வைத்திருக்கிறேன், தபால் ஆபீஸ் பழக்கம்.