ஆடாமலே சிலை வாங்கியவர்

நேயர்களுக்கு வணக்கம். கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக ஓடி வருவாரே, அவர்தான். அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், பன்னிரண்டாவது ஆளுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள்.

அவர் பெயர் கிங் கில். 1922 ஜனவரி 2, டல்லாஸ் நகரம். எதிரணி கென்டக்கியின் சென்டர் காலேஜ். சின்னக் கல்லூரிதான், ஆனால் முந்தைய அக்டோபரில் ஹார்வர்டையே மண்ணைக் கவ்வ வைத்த அணி. அமெரிக்கக் கால்பந்தோ ஆள்மேல் ஆள் பாய்ந்து விழுகிற ஆட்டம். ஏ அண்ட் எம் வீரர்கள் ஒவ்வொருவராக அடிபட்டு வெளியே வர, பயிற்சியாளர் டேனா பைபிளுக்கு மாற்று ஆட்கள் தீர்ந்துவிடும் நிலை. கூடைப்பந்து ஆடுவதற்காகக் கால்பந்தை விட்டிருந்த கில், அன்று மேலே பத்திரிகையாளர்களோடு உட்கார்ந்து, யார் எந்த வீரர் என்று அடையாளம் காட்டிக்கொண்டிருந்தார். பைபிள் அவரைக் கீழே கூப்பிட்டார். காயம்பட்ட ஒருவரின் சீருடையை வாங்கி மாட்டிக்கொண்டு, கில் ஓரக்கோட்டில் போய் நின்றார். 22-14 என்று ஏ அண்ட் எம் ஜெயித்தது. கடைசி வரை அவரை இறக்கவே இல்லை!

இன்றைக்கும் ஏ அண்ட் எம்மின் கைல் ஃபீல்ட் மைதானத்தில், கில்லைப் போலத் தங்களையும் 'பன்னிரண்டாவது ஆள்' என்று சொல்லிக்கொள்ளும் மாணவர்கள் ஆட்டம் முழுக்க நின்றபடிதான் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் நாங்களும் இறங்கத் தயார் என்று அர்த்தமாம். ஒரு லட்சம் பேருக்கு மேல் கொள்ளும் இடம் அது. வெள்ளை உடுப்பில் நிற்கும் 'யெல் லீடர்கள்', அதாவது கூச்சலை வழிநடத்துபவர்கள், கையால் சைகை காட்டுவார்கள். அது பின்வரிசை வரை கைமாறிப் போகும். உடனே அத்தனை பேரும் முன்னால் குனிந்து, முழங்காலுக்கு மேல் கையை ஊன்றி, ஒரே குரலில் கத்துவார்கள். அந்த யெல் லீடர்களும் மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். ஆட்டத்துக்கு முதல் நாள் நள்ளிரவில் இந்தக் கூச்சலுக்கு ஒத்திகை வேறு. அதற்கே ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும். தூக்கமாவது ஒன்றாவது!

1983-ல் ஜாக்கி ஷெரில் என்ற பயிற்சியாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். விளையாட்டு உதவித்தொகை பெறாத சாதாரண மாணவர்களைத் திரட்டி, பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் 'கிக்-ஆஃப்' அணியையே அமைத்துவிட்டார். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். தயார் என்று சொன்னவர்களை நிஜமாகவே களத்தில் இறக்கிப் பார்த்தாரே!

அப்புறம் காசு விவகாரம். 'பன்னிரண்டாவது ஆள்' என்பதைப் பல்கலைக்கழகம் வணிக முத்திரையாகப் பதிவு செய்துவிட்டது. அதே பெயரைத் தங்கள் ரசிகர்களுக்குப் பயன்படுத்திய சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணிமீது 2006-ல் வழக்குப் போட்டது. சமரசம் ஆனது, சீஹாக்ஸ் பணம் கொடுத்து உரிமம் வாங்கிக்கொண்டது.